வெளிநாட்டுப் பயணத்தில் பணமும் வங்கி அட்டைகளும்: வடசென்னையிலிருந்து புறப்படுவோருக்கான முழுமையான வழிகாட்டி

தண்டையார்பேட்டையிலும் ராயபுரத்திலும் மண்ணடியிலும் திருவொற்றியூரிலும் சிங்கப்பூர், கோலாலம்பூர், கொழும்பு, துபாய், ஜித்தா என்று யாராவது ஒருவர் புறப்பட்டுக்கொண்டே இருக்கிறார். விமான டிக்கெட்டில் ஐந்நூறு ரூபாய் குறையுமா என்று மூன்று வாரம் பார்க்கிற குடும்பம்கூட, பணத்தை எந்த வழியில் கொண்டுபோவது என்பதைக் கடைசி நாள் மாலையில்தான் யோசிக்கிறது. அதன் விளைவாக டிக்கெட்டில் மிச்சம் பிடித்ததைப்போலப் பல மடங்கு, கட்டணம் என்ற பெயரே தெரியாமல் கரைந்துபோகிறது.

இந்த வழிகாட்டியில் வரும் எல்லாப் படிகளுக்கும் அடியில் ஒரே ஒரு கேள்விதான் இருக்கிறது: என் ரூபாயை அயல்நாட்டுப் பணமாக இந்த இடத்தில் மாற்றுவது யார்? மண்ணடிக் கடைக்காரரா, என் வங்கியா, விசா, மாஸ்டர்கார்டு போன்ற நிறுவனமா, அல்லது அந்நியக் கடையில் இருக்கும் அட்டை இயந்திரமா? மாற்றுகிறவர் யாரோ, அவரே விலையையும் வைக்கிறார். ஒரு செலவுக்குள் பணம் இருமுறை மாறினால் இருமுறை கழிவு போகும்.

முதல் படி: கையில் இருக்கும் அட்டைகளை எடுத்துப் பாருங்கள்

புறப்படுவதற்குக் குறைந்தது ஒரு மாதம் முன்பே வீட்டிலுள்ள அட்டைகள் எல்லாவற்றையும் மேசைமீது பரப்பி, மூன்று விஷயங்களைப் பார்க்க வேண்டும். முதலாவது, காலாவதி மாதம். பயணம் முடிந்து இரண்டு மாதமாவது செல்லுபடியாகாத அட்டையை இப்போதே புதுப்பிக்கக் கேளுங்கள். இரண்டாவது, அட்டையில் அச்சிட்ட பெயர் பாஸ்போர்ட்டில் உள்ள பெயரோடு ஏறக்குறைய ஒத்துப்போகிறதா என்பது. நம்மூரில் இனிஷியல் முன்னும் பின்னும் மாறுவது சாதாரணம் என்றாலும், முற்றிலும் வேறு பெயராக இருந்தால் ஓட்டல் வரவேற்பறையில் கேள்வி வரும். மூன்றாவது, அட்டையில் உள்ள சின்னம். விசா அல்லது மாஸ்டர்கார்டு என்றிருந்தால் பெரும்பாலான நாடுகளில் செல்லும். ஓய்வூதியக் கணக்குக்கும் ஜன்தன் கணக்குக்கும் பெரும்பாலும் தரப்படுவது ரூபே அட்டை. அதில் உள்நாட்டுக்கு மட்டுமான வகை வெளிநாட்டு ஏடிஎம்மில் வேலை செய்யாது. டிஸ்கவர் அல்லது ஜேசிபி என்ற வெளிநாட்டு அட்டை நிறுவனத்தின் கட்டமைப்போடு இணைந்த சர்வதேச ரூபே அட்டையா என்பதை வங்கியில் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல், அந்த ஓர் அட்டையை மட்டும் நம்பிப் பெரியவர்களை அனுப்பக் கூடாது.

அடுத்து, ஒவ்வொரு அட்டைக்கும் வெளிநாட்டுச் செலவில் எவ்வளவு பிடிப்பார்கள் என்பதைக் கட்டண அட்டவணையில் தேடுங்கள். ‘அந்நியச் செலாவணி மார்க்கப்’ என்ற வரியில் பல கிரெடிட் கார்டுகளுக்கு 3.5 சதவீதம் என்று போட்டிருக்கும். அந்தக் கட்டணத்தின்மீது 18 சதவீத ஜிஎஸ்டியும் உண்டு. ஆகவே உண்மையில் போவது 4.13 சதவீதம். அதாவது பத்தாயிரம் ரூபாய்ச் செலவுக்கு 413 ரூபாய். மார்க்கப் இரண்டு சதவீதமாகவோ முற்றிலும் இல்லாமலோ உள்ள அட்டைகளும் சந்தையில் இருக்கின்றன. ஆண்டுக்கு ஒருமுறையாவது வெளிநாடு செல்பவர், ‘லவுஞ்ச்’ சலுகையைப் பார்த்து அட்டை வாங்குவதைவிட இந்த ஒரு வரியைப் பார்த்து வாங்குவது மேல் என்பது என் கருத்து.

இரண்டாம் படி: அட்டையைத் திறந்து வையுங்கள், அளவோடு

ரிசர்வ் வங்கி 2020 ஜனவரியில் பிறப்பித்த உத்தரவின்படி, புதிதாக வழங்கும் அட்டைகள் இந்தியாவுக்குள் ஏடிஎம்மிலும் கடை இயந்திரத்திலும் மட்டுமே வேலை செய்யும் நிலையில் வருகின்றன. வெளிநாட்டுப் பயன்பாடு, இணையப் பயன்பாடு, தொட்டுச் செலுத்தும் வசதி ஆகிய மூன்றையும் வாடிக்கையாளரே வங்கிச் செயலியிலோ ஏடிஎம்மிலோ திறந்துகொள்ள வேண்டும். சிங்கப்பூர் சாங்கி விமான நிலையத்தில் இறங்கியதும் ‘கார்டு டிக்ளைன்’ என்று வந்து திகைப்பவர்களில் பலரும் இந்தச் சுவிட்சைப் போடாமல் போனவர்கள்தான்.

சுவிட்சைப் போடுவதோடு நிறுத்திவிடாமல், பக்கத்திலேயே இருக்கும் வரம்பையும் அமைத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டு ஏடிஎம்முக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு, கடைக்கு எவ்வளவு, இணையத்துக்கு எவ்வளவு என்று தனித்தனியே வைக்கலாம். இந்திய இணையதளங்களில் ஓடிபி கேட்பார்கள். அயல்நாட்டு இணையதளங்கள் பல கேட்பதில்லை. அட்டை எண் திருடியவனுக்கு அதுதான் வசதி. ஆகவே வெளிநாட்டு இணைய வரம்பைப் பூச்சியத்திலோ மிகக் குறைந்த தொகையிலோ வைத்து, தேவைப்படும்போது அந்தச் செலவுக்கு மட்டும் உயர்த்திவிட்டுத் திரும்பக் குறைத்துவிடுங்கள்.

வங்கியில் பதிவான கைப்பேசி எண் எந்த சிம்மில் இருக்கிறதோ, அந்த சிம் பயணத்திலும் உயிரோடு இருக்க வேண்டும். சேருமிடத்தில் உள்ளூர் சிம் வாங்கி, பழைய சிம்மைக் கழற்றிப் பர்சுக்குள் செருகிவிடும் பழக்கம் பலருக்கு இருக்கிறது. அப்படிச் செய்தால் ஓடிபியும் வராது, திருட்டு எச்சரிக்கையும் வராது. இரண்டு சிம் போடும் கைப்பேசியில் பழைய எண்ணில் ரோமிங்கைத் திறந்து, டேட்டாவை மட்டும் அணைத்து வைத்தால் போதும். ரோமிங்கில் வரும் குறுஞ்செய்திக்குக் கட்டணம் உண்டா என்பதைப் புறப்படும் முன்பே சிம் நிறுவனத்திடம் கேட்டுக்கொள்ளுங்கள். கணக்கில் தந்தையின் எண் பதிவாகி, பயணம் செய்வது மகனாக இருந்தால், வங்கிக்குப் போய் எண்ணை மாற்றுவது ஒருநாள் வேலை. அதையும் இந்த வாரத்திலேயே முடித்துவிடுங்கள்.

மூன்றாம் படி: சட்டம் அனுமதிக்கும் அளவு

இந்தியாவில் வசிக்கும் எவரும் ஒரு நிதியாண்டில் 2,50,000 அமெரிக்க டாலர் வரை வெளிநாட்டுக்குக் கொண்டுபோகவோ அனுப்பவோ தாராளமயப் பணம் அனுப்பும் திட்டம் வழி செய்கிறது. நடுத்தரக் குடும்பத்தின் பயணம் அந்த எல்லையைத் தொடப்போவதில்லை. நம்மைத் தொடுவது வேறு சில எல்லைகள். நோட்டாக எடுத்துப்போகக்கூடியது பொதுவாக ஒரு பயணத்துக்கு 3,000 டாலர் அல்லது அதற்கு ஈடான பிற பணம். மீதியை அட்டையில்தான் கொண்டுபோக வேண்டும். ஹஜ், உம்ரா செல்வோருக்கு இந்த நோட்டு வரம்பில் விலக்கு இருக்கிறது. இந்திய ரூபாயை ஆளுக்கு 25,000 வரை வெளியே கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவரலாம். நேபாளம், பூட்டான் விதிகள் தனி. திரும்பி மீனம்பாக்கத்தில் இறங்கி வீடு சேரும் வண்டிக்கூலிக்கு இரண்டாயிரம் ரூபாயைத் தனியே வைத்துக்கொள்ள மறக்காதீர்கள்.

அயல்நாட்டுப் பணம் வாங்கும்போது 50,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுக்க முடியாது; காசோலை, வங்கிப் பரிமாற்றம் அல்லது அட்டை வழியாகத்தான் கொடுக்க வேண்டும். பான் எண் கட்டாயம். பயணத் தேதிக்கு 60 நாள் முன்பிருந்தே வாங்கிக்கொள்ளலாம்.

வரியைப் பற்றி ஊரில் பரவியிருக்கும் பயம் பெரும்பாலும் தேவையற்றது. டிசிஎஸ் எனப்படும் மூலத்தில் வசூலிக்கும் வரி, 2025 ஏப்ரல் 1 முதல், ஒருவர் ஒரு நிதியாண்டில் இத்திட்டத்தின்கீழ் எடுக்கும் தொகை 10 லட்சம் ரூபாயைத் தாண்டினால்தான், தாண்டிய பகுதிக்கு மட்டும் வரும். பயணச் செலவென்றால் 20 சதவீதம். அதுவும் போய்விட்ட பணம் இல்லை, வருமான வரிக் கணக்கில் ஈடுசெய்துகொள்ளலாம். கணவன், மனைவி, பிள்ளைகள் என ஒவ்வொருவர் பான் எண்ணுக்கும் வரம்பு தனித்தனி. ஆனால் வெளிநாட்டு ‘டூர் பேக்கேஜ்’ வாங்குவோருக்கு இந்தப் பத்து லட்ச விலக்கு இல்லை; முதல் ரூபாயிலிருந்தே வரி உண்டு என்பதால், டூர் நிறுவனம் சொல்லும் விலையில் அது சேர்ந்திருக்கிறதா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வெளிநாட்டில் இருக்கும்போது கிரெடிட் கார்டில் செய்யும் செலவை இந்தத் திட்டக் கணக்கில் சேர்ப்பதை நிதியமைச்சகம் 2023 ஜூனில் தள்ளிவைத்தது. டெபிட் கார்டும், முன்கூட்டியே அயல்நாட்டுப் பணம் ஏற்றி எடுத்துப்போகும் பாரெக்ஸ் கார்டும் கணக்கில் சேரும்.

நான்காம் படி: சென்னையிலேயே எவ்வளவு மாற்றுவது, எங்கே மாற்றுவது

வடசென்னைக்காரருக்கு இதில் ஓர் அனுகூலம் இருக்கிறது. துறைமுகத்தை ஒட்டிய ஜார்ஜ் டவுன் பகுதி நெடுங்காலமாகவே கடல்கடந்த வணிகத்தோடு பழகியது. 1937-இல் இந்தியன் ஓவர்சீஸ் வங்கி காரைக்குடி, சென்னை, ரங்கூன் ஆகிய மூன்று ஊர்களில் ஒரே நாளில் கதவு திறந்ததே அந்நியச் செலாவணி வணிகத்தை மனத்தில் வைத்துத்தான். பர்மாவிலிருந்து திரும்பியவர்கள் அமைத்த பர்மா பஜாரும் அதே பகுதியில்தான் இருக்கிறது. ஆகவே பாரிமுனை, மண்ணடிப் பக்கம் உரிமம் பெற்ற பணமாற்றுக் கடைகளுக்குக் குறைவில்லை. நான்கு கடையில் விலை கேட்டுவிட்டு வாங்கலாம். விமான நிலையத்தில் அப்படிக் கேட்க வழியில்லை. அங்குள்ள கவுன்ட்டரில் விலை பொதுவாக மோசமாகவே இருக்கும்.

கடைப் பலகையில் ஒவ்வொரு நாட்டுப் பணத்துக்கும் இரண்டு விலை இருக்கும். கூடுதலான எண், அவர் நமக்கு விற்கும் விலை. குறைவான எண், நம்மிடம் வாங்கும் விலை. இரண்டுக்கும் நடுவில் உள்ள வித்தியாசம்தான் அவருடைய லாபம். ‘கமிஷன் இல்லை’ என்று பெரிதாக எழுதி வைத்திருப்பதற்கு இந்த வித்தியாசத்தில் எடுத்துக்கொள்கிறார் என்பதற்கு மேல் பொருள் கிடையாது. கைப்பேசியில் அன்றைய சந்தை விலையைப் பார்த்து வைத்துக்கொண்டு, அவர் சொல்லும் விலை அதைவிட எத்தனை சதவீதம் கூட என்று கணக்குப் போடுங்கள்.

ஓர் உதாரணம். கணக்குக்காக ஒரு சிங்கப்பூர் டாலரின் சந்தை விலை 65 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஆயிரம் டாலரின் மதிப்பு 65,000 ரூபாய். கடைக்காரர் 66.50 என்று விற்றால் 66,500 ரூபாய் ஆகிறது. பணமாற்றுக்கான ஜிஎஸ்டியைத் தொகை முழுவதற்கும் போடுவதில்லை. ஒரு லட்சம் ரூபாய் வரை தொகையின் ஒரு சதவீதத்தை மட்டும் சேவை மதிப்பாகக் கொண்டு, அதன்மேல் 18 சதவீதம் போடுவார்கள். ஆக இங்கே வரி சுமார் 120 ரூபாய். மொத்தத்தில் 1,620 ரூபாய் கூடுதல். அதே ஆயிரம் டாலரை 3.5 சதவீத மார்க்கப் உள்ள கிரெடிட் கார்டில் செலவழித்தால் 2,685 ரூபாய் கூடுதல். மார்க்கப் இல்லாத அட்டையானால் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. ஆனால் ஆயிரத்தில் இருநூறு டாலர் மிஞ்சித் திரும்பக் கொண்டுவந்து 63.50-க்கு விற்றால், அந்த இருநூறில் மட்டும் 600 ரூபாய் போய்விடும். அதனால்தான் நோட்டாக அதிகம் வாங்கக் கூடாது என்கிறேன். முதல் இரண்டு நாள் வண்டி, சாப்பாடு, சில்லறைச் செலவு, அதற்கு மேல் ஓர் அவசரத் தொகை, இவ்வளவு போதும்.

நோட்டை வாங்கும்போது கவுன்ட்டரை விட்டு நகராமல் எண்ணுங்கள், ஒவ்வொன்றாகத் திருப்பிப் பாருங்கள். மூலையில் ஒரு நூலிழை கிழிசல், பேனாவில் எழுதிய எண், சிறு முத்திரை, மடிப்பில் மங்கிய கோடு, இவை நம்மூரில் யாரும் கண்டுகொள்ளாத குறைகள். தென்கிழக்காசியாவின் பல பணமாற்றுக் கடைகளில் இவ்வளவு இருந்தால் அமெரிக்க டாலரைத் திருப்பித் தந்துவிடுவார்கள் அல்லது விலையைக் குறைப்பார்கள். முகம் சிறியதாக அச்சான 1996-க்கு முந்தைய நூறு டாலர் நோட்டும் அப்படியே. பிரிட்டன் போகிறவர் காகிதத்தில் அச்சான பவுண்டு நோட்டை வாங்கவே கூடாது. 20, 50 பவுண்டு காகித நோட்டுகள் 2022 செப்டம்பர் 30-க்குப் பிறகு கடைகளில் செல்லாதவை ஆகிவிட்டன. நூறு டாலர் நோட்டோடு சில பத்துகளையும் கேட்டு வாங்குங்கள்.

பில் வாங்காமல் வரக் கூடாது. “நல்ல ரேட்டு போட்டுத் தர்றேண்ணா, பில்லு எதுக்கு?” என்று நடைபாதையில் பக்கத்தில் வந்து கேட்பவர் தரும் விலை உண்மையிலேயே நல்லதாக இருக்கலாம். ஆனால் அந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்பதற்கு உங்களிடம் சான்று இராது. அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டத்தில் அபராதம் சம்பந்தப்பட்ட தொகையின் மூன்று மடங்கு வரை போகலாம். கள்ள நோட்டானால் முறையிட இடமும் இல்லை. இதே காரணத்தால்தான், தெரிந்தவர் என்றாலும், ‘இந்தக் கவரை மட்டும் அங்கே கொடுத்துவிடுங்கள்’ என்று தரும் பணத்தை வாங்கிப் பையில் வைக்கக் கூடாது. குருவி வேலை என்று நம் தெருக்களில் சாதாரணமாகச் சொல்லிவிடுகிறார்கள். சுங்கத்தில் பிடிபடுவது கவர் கொடுத்தவர் அல்லர்.

நோட்டுக்கு மேற்பட்ட தொகைக்குப் பாரெக்ஸ் கார்டு ஒரு நல்ல வழி. பணம் ஏற்றும் நாளின் விலையே நிலைத்துவிடும், வங்கிக் கணக்கோடு தொடர்பு இல்லாததால் திருட்டுப் போனாலும் இழப்பு அட்டையில் உள்ள தொகையோடு நிற்கும். ஆனால் ஏற்றும் பணம் செலவழிக்கும் பணமாகவே இருக்க வேண்டும். துபாய்க்குப் போகிறவர் டாலர் ஏற்றிக்கொண்டு போய் திர்ஹத்தில் செலவழித்தால், ரூபாய் டாலராகி, டாலர் திர்ஹமாகி, இடையில் குறுக்கு மாற்றுக் கட்டணம் ஒன்று பிடிபடும். ஒரு டாலருக்கு 3.6725 திர்ஹம் என்று 1997 முதல் மாறாமல் கட்டி வைத்திருக்கிறார்களே என்று சிலர் கேட்பதுண்டு. கட்டி வைத்திருப்பது நாட்டின் விலையைத்தான், அட்டை நிறுவனத்தின் கட்டணத்தை இல்லை. சவூதி ரியாலுக்கும் இதே விதி. வாங்கும்போதே மாற்று அட்டை ஒன்றையும் சேர்த்துக் கேட்டு, இரண்டையும் வேறு வேறு பையில் வையுங்கள்.

ஐந்தாம் படி: கடை இயந்திரம் கேட்கும் கேள்வி

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியை மட்டும் நினைவில் வைக்க முடியுமென்றால் அது இதுவாக இருக்கட்டும். சிங்கப்பூர் சையது ஆல்வி சாலையிலோ கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியா பகுதியிலோ பொருள் வாங்கிவிட்டு அட்டையை நீட்டுகிறீர்கள். இயந்திரம் அது இந்திய அட்டை என்று கண்டுகொள்கிறது. திரையில் இரண்டு தொகை வருகிறது: ஒரு பக்கம் சிங்கப்பூர் டாலர் 120, மறுபக்கம் ரூபாயில் 8,190, இரண்டுக்கும் கீழே ஒவ்வொரு பொத்தான். ரூபாயில் பார்த்தால் மனத்துக்கு நிம்மதி, எவ்வளவு போகிறது என்று உடனே தெரிகிறது. அந்த நிம்மதிக்குத்தான் விலை வைக்கிறார்கள். மேலே சொன்ன 65 ரூபாய்க் கணக்கில் 120 டாலர் என்பது 7,800. ரூபாய்ப் பொத்தானை அழுத்தினால் 390 ரூபாய், அதாவது ஐந்து சதவீதம், கடைக்கும் அதன் வங்கிக்கும் நடுவில் இருக்கும் நிறுவனத்துக்கும் போகிறது. ரூபாயில் கழித்ததால் நம் வங்கி சும்மா இருக்கும் என்றும் நினைக்க வேண்டாம். வெளிநாட்டுக் கடையில் ரூபாயில் நடக்கும் செலவுக்கென்றே தனிக் கட்டணம் வைத்திருக்கும் வங்கிகள் உண்டு. மார்க்கப் இல்லாத அட்டையைத் தேடிப் பிடித்து வாங்கியவரும் இந்த ஒரு பொத்தானில் அத்தனையையும் இழந்துவிடுவார்.

ஆகவே விதி எளிது: எந்த நாட்டில் இருக்கிறீர்களோ அந்த நாட்டுப் பணத்தையே தேர்ந்தெடுங்கள். நடைமுறையில் சிக்கல் என்னவென்றால், காசாளர் உங்களுக்கு உதவுவதாக நினைத்துத் தாமே ரூபாயை அழுத்திவிடுவார். அட்டையைத் தரும்போதே, “லோக்கல் கரன்சி” என்று வாயால் சொல்லிவிட்டு, இயந்திரத்தைக் கையில் வாங்கித் திரையைப் பாருங்கள். ரசீதில் ரூபாய்க் குறியீடு வந்துவிட்டால் அப்போதே ரத்து செய்து மறுபடி போடச் சொல்லுங்கள். கடையை விட்டு வெளியே வந்தபின், நீங்களே சம்மதித்ததாகத்தான் கொள்வார்கள். வெளிநாட்டு விமான நிறுவனங்களின், ஓட்டல் தளங்களின் பக்கத்திலும் விலையை ரூபாயில் காட்டும்போது கடைசிப் பக்கத்தில் எந்தப் பணத்தில் கழிக்கிறார்கள் என்று பாருங்கள்.

ஆறாம் படி: ஏடிஎம்

ஏடிஎம்மிலும் அதே கேள்வி வரும், சற்றுத் தந்திரமான சொற்களில். ‘மாற்று விலையை ஏற்கிறீர்களா, மறுக்கிறீர்களா’ என்று திரை கேட்கும். மறுத்தால் பணம் வராதோ என்ற பயத்தில் ஏற்றுக்கொள்பவரே அதிகம். மறுத்தாலும் பணம் வரும். மாற்று விலையை உங்கள் அட்டை நிறுவனம் போட்டுக்கொள்ளும்.

டெபிட் கார்டில் எடுத்தால் மார்க்கப், நம் வங்கியின் ஏடிஎம் கட்டணம், அந்த ஏடிஎம்மின் சொந்தக் கட்டணம் என்று மூன்று சேரலாம். தாய்லாந்தில் வெளிநாட்டு அட்டைக்கு ஒவ்வொரு முறையும் 220 பாட்டோ அதற்கு மேலோ பிடிக்கிறார்கள். ஆயிரம் பாட் எடுத்தாலும் அதே 220, இருபதாயிரம் எடுத்தாலும் அதே 220. எனவே நான்கு தடவை சிறிது சிறிதாக எடுக்காமல் ஒரே தடவையாக எடுங்கள். கிரெடிட் கார்டில் ரொக்கம் எடுப்பதை வேறு வழியே இல்லாதபோது மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். தனிக் கட்டணமும், எடுத்த நாளிலிருந்தே வட்டியும் ஓடும்.

வங்கிக் கிளையோடு ஒட்டிய ஏடிஎம்மை, வேலை நாளில், கிளை திறந்திருக்கும் நேரத்தில் பயன்படுத்துங்கள். இயந்திரம் அட்டையை விழுங்கினால் உள்ளே போய்க் கேட்க ஆள் இருக்கும். ஞாயிறு இரவில் கடைத்தெரு மூலையில் விழுங்கினால் அந்த அட்டையை மறந்துவிட வேண்டியதுதான்.

ஏழாம் படி: ஓட்டல் முன்பணம்

ஓட்டலிலும் வாடகைக் காரிலும் பாதுகாப்புத் தொகையாக ஒரு பணத்தை அட்டையில் முடக்கி வைப்பார்கள். டெபிட் கார்டையோ பாரெக்ஸ் கார்டையோ கொடுத்தால் உங்கள் சொந்தப் பணமே முடங்கும், அறையைக் காலி செய்த பிறகும் விடுபடப் பல நாள் ஆகும். இதற்கு மட்டும் கிரெடிட் கார்டைக் கொடுங்கள்.

எட்டாம் படி: கைப்பேசியில் செலுத்துவது

இந்திய யுபிஐ செயலியிலேயே கியூஆர் பலகையைப் பார்த்துப் பணம் செலுத்தும் வசதி பூட்டானில் 2021-லும், இலங்கையிலும் மொரீஷியஸிலும் 2024 பிப்ரவரி 12-லும் தொடங்கியது. சிங்கப்பூர், ஐக்கிய அரபு அமீரகம், நேபாளம் ஆகிய நாடுகளிலும் கடைகளில் இருக்கிறது. செயலியில் யுபிஐ இன்டர்நேஷனல் என்பதைக் குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் திறக்க முடியும். காலம் முடிந்ததும் தானே அடைபடும். பணம் செலுத்தும் முன் செயலி ரூபாயில் தொகையைக் காட்டும். அதைச் சந்தை விலையோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு ரகசிய எண்ணைப் போடுங்கள். இதை மட்டுமே நம்பிப் போவது தவறு; யாழ்ப்பாணத்தில் பெரிய கடையில் வேலை செய்வது, பக்கத்துத் தேநீர்க் கடையில் செய்யாமல் போகலாம்.

சிங்கப்பூரில் மெட்ரோ ரயிலிலும் பேருந்திலும் வெளிநாட்டு அட்டையைத் தொட்டுச் செல்லலாம். ஆனால் பயன்படுத்தும் ஒவ்வொரு நாளுக்கும் 60 சிங்கப்பூர் சென்ட் நிர்வாகக் கட்டணம் சேரும். முன்கூட்டியே பணம் ஏற்றிப் பயணிக்கும் ஈசி லிங்க் அட்டையை வாங்கும் செலவோடு இதை ஒப்பிட்டுப் பார்த்து முடிவெடுங்கள்.

ஒன்பதாம் படி: அட்டை தொலைந்தால்

இதற்கான ஏற்பாட்டைச் சென்னையிலேயே செய்ய வேண்டும். 1800 என்று தொடங்கும் இலவச எண்கள் வெளிநாட்டிலிருந்து பெரும்பாலும் கிடைக்காது. வங்கியின் இணையதளத்தில் வெளிநாட்டிலிருந்து அழைப்பதற்கென்று பிளஸ் 91 உடன் தொடங்கும் சாதாரண எண் இருக்கும். அதைக் கைப்பேசியில் மட்டும் வைக்காமல் காகிதத்திலும் எழுதி, பாஸ்போர்ட் நகலோடு வையுங்கள். பை திருடுபோகும்போது கைப்பேசியும் சேர்ந்தே போவதுண்டு. அட்டையின் இரு பக்கத்தையும் படம் எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டு வைக்கும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். அட்டையின் கடைசி நான்கு எண்ணும் வங்கியின் பெயரும் எழுதி வைத்தாலே முடக்கப் போதுமானது.

தொலைந்தது தெரிந்தவுடன் முதலில் செயலியில் அட்டையை முடக்கி, பிறகு வங்கியை அழைத்துப் புகார் எண் வாங்குங்கள். ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை 6 சுற்றறிக்கையின்படி, உங்கள் தவறோ வங்கியின் தவறோ இன்றி மூன்றாமவரால் நடந்த மோசடியை, வங்கியின் தகவல் கிடைத்த மூன்று வேலை நாளுக்குள் தெரிவித்தால் உங்கள் பொறுப்பு பூச்சியம். நான்கு முதல் ஏழு வேலை நாளுக்குள் தெரிவித்தால் ஒரு வரம்புவரை இழப்பை நீங்கள் ஏற்க வேண்டியிருக்கும். ரகசிய எண்ணை நீங்களே சொல்லியிருந்தால், தெரிவிக்கும் நேரம் வரையிலான இழப்பு உங்களுடையதே. எனவே ‘ஊருக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்’ என்று விடக் கூடாது.

கையில் பணமே இல்லாமல் நின்றால், சென்னையிலிருந்து உறவினர் பணமாற்றுக் கடை வழியாக உடனே அனுப்பிவிட முடியும் என்று பலர் நம்புகிறார்கள். அந்தக் கடைகளின் உடனடிப் பண அனுப்பும் சேவை இந்தியாவுக்குள் வரும் பணத்துக்கு மட்டுமே உரியது. இங்கிருந்து அவ்வழியில் வெளியே அனுப்ப இயலாது. நடைமுறையில் உதவுவது, இணையத்தில் மறுபடி பணம் ஏற்றக்கூடிய பாரெக்ஸ் கார்டுதான். சிங்கப்பூரில் உறவினர் இருந்தால், 2023 பிப்ரவரி 21 முதல் யுபிஐயும் அந்நாட்டுப் பேநவ் சேவையும் இணைக்கப்பட்டிருப்பதால், அதில் சேர்ந்த வங்கிகள் வழியே அவருக்கு அனுப்பிவிட்டு அவரிடமிருந்து ரொக்கமாக வாங்கிக்கொள்ளலாம்.

பத்தாம் படி: திரும்பிய பிறகு

சில்லறை நாணயங்களைப் பணமாற்றுக் கடைகள் பெரும்பாலும் வாங்குவதில்லை. கிளம்பும் விமான நிலையத்திலேயே செலவழித்துவிடுங்கள். சிங்கப்பூரில் ஒரே கடையில் 100 டாலருக்குக் குறையாமல் வாங்கியவர்கள் ஜிஎஸ்டியைத் திரும்பப் பெறும்போது அட்டை எண்ணைக் கொடுத்திருந்தால், அந்தத் தொகை வந்துசேரும் வரை அந்த அட்டையை ரத்து செய்யக் கூடாது. இந்தியாவில் இறங்கும்போது கையில் நோட்டாக 5,000 டாலருக்கு மேல் இருந்தாலோ, நோட்டும் பயணக் காசோலையும் சேர்ந்து 10,000 டாலரைத் தாண்டினாலோ சுங்கத்தில் அறிவிக்க வேண்டும். மீந்த நோட்டை 180 நாளுக்குள் மாற்றிவிட வேண்டும். 2,000 டாலர் வரை அடுத்த பயணத்துக்கென்று வைத்துக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது.

வீடு சேர்ந்த அன்றே வெளிநாட்டுப் பயன்பாட்டுச் சுவிட்சை அணைத்துவிடுங்கள். ஆனால் கணக்கு அறிக்கையைப் பார்ப்பது அன்றோடு முடியாது. ஓட்டல், ரயில், வாடகைக் கார் ஆகியவற்றின் பிடித்தங்கள் சில நாள் கழித்தும் வந்து விழும். அடுத்த இரண்டு மாத அறிக்கையை ரசீதுகளோடு வைத்து வரிவரியாகச் சரிபாருங்கள். ரத்து செய்த முன்பதிவின் பணம் திரும்பியிருந்தால் தொகை கொஞ்சம் குறைந்திருக்கும். அன்றைய விலையும் இன்றைய விலையும் வேறு என்பதும், மார்க்கப்பை எல்லா வங்கியும் திருப்பித் தருவதில்லை என்பதும் காரணம். அறியாத பிடித்தத்துக்கு வங்கியில் எழுத்தில் புகார் கொடுத்து, 30 நாளில் பதில் வராவிட்டாலோ பதில் திருப்தி தராவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் இணையம் வழியாகக் கட்டணமின்றி முறையிடலாம். டிசிஎஸ் பிடித்திருந்தால் அது உங்கள் பெயரில் பிடித்த வரியைக் காட்டும் 26ஏஎஸ் படிவத்தில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். ஏறாதிருந்தால், வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும் முன்பே பணம் மாற்றித் தந்தவரிடம் பில்லைக் காட்டிச் சரிசெய்யச் சொல்லுங்கள்.